மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் இருக்கிறோம். ஆட்டிசம் உள்ள மகனை முதலாம் ஆண்டில் எங்கே சேர்ப்பது?

முதலில் மருத்துவ உறுதிச் சான்று. அரசாங்க கிளினிக்கில் காட்டி, மருத்துவமனைக் குழந்தை நல நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே இன்றே தொடங்குங்கள். அந்த அறிக்கையை வைத்து சமூக நல இலாகாவில் ஓகேயூ அட்டைக்கும் (மாற்றுத்திறனாளி அட்டை) விண்ணப்பியுங்கள்.

பிறகு மாவட்டக் கல்வி இலாகாவின் சிறப்புக் கல்விப் பிரிவுக்குப் போங்கள். சாதாரணப் பள்ளிக்குள்ளேயே சிறப்பு வகுப்பு நடத்தும் பிபிகேஐதான் பலருக்குப் பொருந்தும். எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் அது கிடையாது. அருகில் எதில் உண்டு என்று அங்கேயே கேளுங்கள். பேச்சும் கவனமும் ஓரளவு கைவந்த பிள்ளையை, கணிதம் போன்ற சில பாடங்களுக்கு மட்டும் சாதாரண வகுப்பில் உட்காரவைக்கக் கேட்கலாம். முழுநாளும் அங்கே உட்காரவைப்பதைவிட அது நன்றாக வேலை செய்யும் என்பது என் கருத்து.

ஆட்டிசத்தை மறைத்துச் சேர்க்காதீர்கள். கூட்டமான வகுப்பில் சத்தம் தாங்காமல் பிள்ளை ஓடினால், ஆசிரியருக்குக் காரணமே புரியாது.

சேர்ந்தபின் மூன்று மாதம் வரை, அந்த வகுப்பு பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனைக் காலம். சத்தம், உணவு, கழிவறைப் பழக்கம் பற்றி ஒரு பக்கம் தமிழிலோ மலாயிலோ எழுதி முதல் நாளே ஆசிரியரிடம் கொடுங்கள். சிறப்புக் கல்வி மாணவருக்கான மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகையையும் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். பஸ் செலவுக்கு உதவும்.