வாசகர் கேள்வி: வறுமையைக் காட்டிய படம் மனத்தைத் தொடாதது ஏன்?

கேள்வி: பலரும் பாராட்டிய ஒரு திரைப்படத்தை அண்மையில் பார்த்தேன். வேலை இழந்த தந்தை, நோயுற்ற தாய், படிப்பை நிறுத்திய மகள் என ஒரு குடும்பத்தின் வறுமையைப் பின்னணி இசை இல்லாமல், கேமராவைக் கையில் பிடித்தபடி, ஆவணப்படம் போலவே எடுத்திருக்கிறார்கள். அடிமேல் அடி விழுகிறதே தவிர, அவர்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள், எப்போது சிரித்தார்கள் என்று எதுவும் தெரியவில்லை. இறுதியில் எனக்கு மிஞ்சியது இரக்கமல்ல, சலிப்பு. என் மனம் மரத்துப்போய்விட்டதா?

பதில்: மரத்துப்போன மனத்தில் இந்தக் கேள்வி எழாது. ஏழைகளைப் பற்றிய படம் என்பதாலேயே அதைக் குறை சொல்லக் கூடாது என்ற தயக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதை முதலில் விட்டுவிடுங்கள். எடுத்துக்கொண்ட பொருள் உயர்ந்தது என்பதற்காகப் படமும் உயர்ந்ததாகிவிடாது. ஆடும் கேமராவும் மங்கிய வெளிச்சமும்கூட ஓர் இயக்குநர் தேர்ந்துகொண்ட உத்திகள்தாமே தவிர, அவையே உண்மைக்குச் சான்றாகிவிட மாட்டா.

குறை எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. அந்தக் குடும்பத்தினருக்கு எல்லாம் நேர்கிறது. அவர்களாக எதையும் செய்வதில்லை. விட்டோரியோ டி சிகா இயக்கி 1948இல் வெளிவந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் நாயகனாக நடித்தவர் நடிப்பு அனுபவம் இல்லாத ஓர் ஆலைத் தொழிலாளி. வறுமையும் சற்றும் குறைவில்லை. கிடைத்த வேலைக்குச் சைக்கிள் வேண்டும், சைக்கிளோ அடகில் இருக்கிறது. கணவன் இடிந்துபோய் நிற்க, மனைவி படுக்கை விரிப்புகளை உருவியெடுத்து மூட்டையாகக் கட்டி அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறாள். அங்கே ஊழியர் ஒருவர் அந்த மூட்டையோடு உயர்ந்த அடுக்குகளின் மேல் ஏறிக்கொண்டே போகிறார். அடுக்குகள் முழுவதும் அதே போன்ற மூட்டைகள். ஊரே தன் விரிப்புகளை அடகு வைத்திருக்கிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் நாம் அறிந்துகொள்கிறோம். ஆனால் அதற்கு முன்பே அந்தப் பெண்ணை நமக்குத் தெரிந்துவிடுகிறது: அவள் முடிவெடுக்கிறவள். அவளுடைய கவலை நம் கவலையாவது அதனால்தான்.

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில் அக்காள் மீது ஒரு மணிமாலையைத் திருடியதாகப் பழி விழுகிறது, அவள் மறுக்கிறாள். அவள் இறந்தபின், ஊரை விட்டுப் புறப்படும் வேளையில், அந்த மாலை தம்பியின் கையில் அகப்படுகிறது. அவன் யாரிடமும் சொல்லாமல் அதைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகிப் பின் மெல்ல மூடிக்கொள்கிறது. ஏழைச் சிறுமிக்கும் ஆசை உண்டு, பொய் உண்டு, அவளுடைய மானத்தைக் காக்க ஒரு தம்பியும் உண்டு. உங்களைச் சலிப்படைய வைத்த படத்தில் இல்லாமல் போனது இதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: தீர்வு எதுவும் சொல்லாமல் படம் முடிந்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு நம்பிக்கையாவது காட்டியிருக்கலாமே?

பதில்: இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. வாழ்க்கையில் தீராத ஒன்றைக் கடைசிப் பத்து நிமிடங்களில் தீர்த்துவைக்கும் படம், அந்த மக்களுக்கு இன்னும் பெரிய அநீதியைச் செய்கிறது. டி சிகாவின் படத்திலும் தொலைந்த சைக்கிள் கிடைப்பதில்லை. வேறொரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்முன்னே பிடிபட்டு, அவமானப்பட்டு நடக்கும் தந்தையின் கையைச் சிறுவன் பற்றிக்கொள்கிறான், அவ்வளவுதான். நீங்கள் எதிர்பார்த்தது நல்ல முடிவையல்ல, அந்த மூவரையும் மனிதர்களாக அறிந்துகொள்ளும் வாய்ப்பை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை எதிர்பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.