35ஆவது வாரத்தில் குழந்தையின் அசைவு குறைந்ததுபோல் இருக்கிறது. அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டில் இருப்பதாகவும், நேற்றிலிருந்து உதை குறைந்து எப்போதாவது புரள்வது மட்டும் தெரிவதாகவும், தலை இறங்கிவிட்டால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாகவும், பரிசோதனைக்கு வரச் சொன்ன நாள் வியாழக்கிழமை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் நேரத்திலும் அசைவு வழக்கத்தைவிடக் குறைவாகவே தெரிகிறதென்றால், முதலில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மீதியை வண்டியில் போகும்போது படித்துக்கொள்ளலாம்.

நான் மருத்துவர் அல்ல. மதுரை மாவட்டத்தின் மேற்கே, உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் இடைப்பட்ட கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தப் பக்கத்தில் “பிள்ளை கீழ எறங்கிருச்சு, இனி எடம் பத்தாதுல்ல, அதான் அசையல” என்ற பேச்சைக் கேட்காத வீடு அநேகமாக இல்லை. பயந்துபோன பெண்ணைத் தேற்றுவதற்காக அன்போடு சொல்லப்படும் வார்த்தைதான் அது. ஆனாலும் அது உண்மையல்ல என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தலைப்பிள்ளையைச் சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் அசைவு தெரியத் தொடங்கும். முன்பே பெற்றவர்களுக்கு அதற்கும் முன்னதாகத் தெரியும். அதன்பிறகு அசைவின் எண்ணிக்கை ஏறத்தாழ 32ஆவது வாரம்வரை கூடிக்கொண்டே போய், அந்த அளவிலேயே நின்று, பிரசவ வலி வரும்வரையிலும் தொடர வேண்டும். குழந்தை வளர்ந்து இடம் குறையும்போது மாறுவது அசைவின் தன்மை மட்டுமே: வெடுக்கென்ற உதைக்குப் பதிலாக முட்டுவதும், நெளிவதும், வயிறு ஒரு பக்கம் மேடாகும்படி புரள்வதும் கூடும். ஆகவே உதை போய்ப் புரளல் வந்திருக்கிறது என்பது மட்டுமே உங்கள் கவலையாக இருந்தால் நான் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். நீங்கள் “எப்போதாவது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் என்னை அவசரப்பட வைக்கிறது.

அசைவு ஏன் குறைகிறது என்பது தெரிந்தால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தானாகவே போய்விடும். குழந்தைக்கு வேண்டிய பிராணவாயுவும் உணவும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போகின்றன. நஞ்சுக்கொடி சரிவர வேலை செய்யாதபோது, கிடைக்கிற கொஞ்ச ரத்தத்தைக் குழந்தையின் உடல் மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, கைகால் அசைவைக் குறைத்துச் சக்தியைச் சேமித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களுக்குப் போகும் ரத்தம் குறைவதால் சிறுநீர் குறைந்து, அதனால் பனிக்குட நீரும் குறைகிறது. இதயத்துடிப்பு தடுமாறுவதற்கு முன்பே அசைவு அடங்கத் தொடங்கிவிடக்கூடும் என்பதால், எந்தக் கருவிக்கும் முன்னால் தாய்க்குத் தெரியும் செய்தி இதுவாகவே இருக்கிறது. ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, முன்பு வயிற்றிலேயே குழந்தை இறந்த வரலாறு, குறித்த தேதியைத் தாண்டிய கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உங்களுக்கு இருந்தால், ஒரு மணி நேரத் தாமதமும் வேண்டாம்.

ஒரு பங்குனி மாதத்துப் புதன்கிழமை, துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். மூத்த பிள்ளைக்கு ஊசி போட வந்த ஒரு பெண், 36 வாரக் கர்ப்பிணி, ஊசி போட்ட பிறகும் பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டம் குறைந்த பிறகுதான், “அக்கா, முந்தாநாள்ல இருந்து ஒரு மாதிரியா இருக்கு, நல்லா உதைச்சுக்கிட்டிருந்த பிள்ளை, இப்ப லேசா அசையுது, அவ்வளவுதான்” என்றாள். மாமியாரிடம் சொன்னதற்கு, வெயிலாக இருக்கும், இளநீர் குடித்துவிட்டுப் படு என்றாராம். குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். துடிப்பு நிமிடத்துக்கு 140 அளவில், ஒழுங்காகவே இருந்தது. துடிப்புதான் நன்றாக இருக்கிறதே, வீட்டுக்குப் போகலாமா என்று அவள் எழுந்துவிட்டாள். அந்த நேரத்தில் துடிப்பு இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் குழல் சொல்லும். குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. 108 ஆம்புலன்ஸை வரவழைத்து அனுப்பினேன். ஸ்கேனில் பனிக்குட நீர் மிகவும் குறைந்திருந்தது, குழந்தையின் எடை வாரத்துக்கு ஏற்றபடி இல்லை, துடிப்பின் பதிவும் திருப்தியாக இல்லை என்று அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் சில நாள் வைத்திருந்து தாயிடம் கொடுத்தார்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு அதே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

குறைந்திருக்கிறதா, நான்தான் கவனிக்கவில்லையா என்ற சந்தேகத்தில் இருப்பவர்கள் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏதாவது சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் அசைவை மட்டும் கவனியுங்கள். அதற்குள் தனித்தனியாக 10 அசைவாவது தெரிய வேண்டும். உதை, முட்டல், புரளல் எல்லாமே கணக்கில் சேரும், விக்கல் சேராது. எழுதப் படிக்கப் பழகாத பெண்களிடம் நான் இரண்டு கிண்ணமும் பத்துப் புளியங்கொட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கொட்டையை மறு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும், இரண்டு மணி நேரத்தில் முதல் கிண்ணம் காலியாகாவிட்டால் உடனே கிளம்ப வேண்டும். காலை, மதியம், மாலை என்று ஒவ்வொரு மணி நேரம் எண்ணி, மூன்றையும் கூட்டி நான்கால் பெருக்கி, 12 மணி நேரத்துக்கு 10க்குக் குறைந்தால் வரச் சொல்லும் முறையும் நம் மருத்துவமனைகளில் உண்டு. எந்த முறையானாலும், உங்கள் குழந்தையின் வழக்கம்தான் முதல் அளவுகோல். பத்து நிமிடத்தில் பத்து அசைவைக் காட்டிவந்த குழந்தை இன்று ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டால், கணக்குப்படி சரி என்று நான் விட்டுவிட மாட்டேன். அசைவே சுத்தமாகத் தெரியாதபோது எண்ணிக்கொண்டு படுத்திருக்கவும் கூடாது. திடீரென்று வழக்கமில்லாத அளவுக்குத் துள்ளிவிட்டு அப்படியே அடங்கிப்போனாலும், ரத்தம் பட்டாலும், நீர்க்குடம் உடைந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், உள்ளங்கையிலும் பாதத்திலும் தாங்க முடியாத அரிப்பு இருந்தாலும் நேராக மருத்துவமனைதான்.

பயப்படத் தேவையில்லாத காரணங்களும் இருக்கின்றன, அவற்றை மறைப்பது நியாயமல்ல. வயிற்றுக்குள் குழந்தை 20 முதல் 40 நிமிடம்வரை தூங்கும். அது 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. நின்றுகொண்டே வேலை செய்யும்போது பல அசைவுகள் நம் கவனத்துக்கே வராமல் போகும். பெரும்பாலான குழந்தைகள் மாலையிலும் இரவிலும் கூடுதலாக அசையும். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் இருப்பதாக ஸ்கேனில் எழுதியிருந்தால், 28 வாரத்துக்கு முன்பு அசைவு மந்தமாகத் தெரியலாம். நுரையீரல் முதிர்ச்சிக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகும் ஓரிரு நாள் அசைவு குறையக்கூடும். ஆனால் இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பரிசோதித்துப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து நாமாக முடிவு கட்டக் கூடாது.

குளிர்ந்த சோடாவோ இனிப்போ கொடுத்தால் குழந்தை அசையும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பசியாக இருந்தால் சாப்பிடுங்கள். அசைகிறதா என்று சோதிப்பதற்காக ஒன்று மாற்றி ஒன்று குடித்துப் பொழுதைக் கடத்தாதீர்கள். வீட்டில் வைத்துத் துடிப்பைக் கேட்கும் சிறிய டாப்ளர் கருவிகள் இணையத்தில் விற்கின்றன. பழக்கமில்லாதவர் காதில் தாயின் சொந்த நாடித்துடிப்பே குழந்தையின் துடிப்பாகக் கேட்டுவிடக்கூடும் என்பதால் அதை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்று தெரியாமல் தயங்குகிறவர்கள் பலர். வயிற்றில் இரண்டு பட்டை கட்டுவார்கள். ஒன்று குழந்தையின் துடிப்பையும் மற்றது கருப்பை இறுகுவதையும் பதியும். சில இடங்களில் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, அசைவு தெரியும்போதெல்லாம் அழுத்தச் சொல்வார்கள். காகிதத்தில் ஓடும் கோடு நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையே இருந்து, அசையும்போது சற்று ஏறி இறங்கினால் நல்லது. இதற்கு என்.எஸ்.டி. என்று பெயர். வலி கிடையாது, சாதாரணமாக 20 நிமிடம் ஆகும், குழந்தை தூங்கினால் இன்னும் நீட்டுவார்கள். தேவைப்பட்டால் வளர்ச்சியையும் பனிக்குட நீரையும் ரத்த ஓட்டத்தையும் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

போனாலே அறுவை சிகிச்சை செய்துவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கும் இருக்கலாம். ஒரு முறை அசைவு குறைந்ததாக உணர்ந்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குக் கர்ப்பம் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிகிறது என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல் சொல்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து நடந்து, 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். அசைவைப் பற்றித் தாய்மாருக்கு விழிப்புணர்வு தந்து, குறைந்ததென்று வந்தவர்களை ஒரே முறைப்படி கவனித்தும், வயிற்றிலேயே குழந்தை இறப்பது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மருந்து கொடுத்து வலியை வரவழைப்பதும் அறுவை சிகிச்சையும் கூடின. இதிலிருந்து, தாய் சொல்ல வேண்டியதில்லை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கும்போது, நாள் நிரம்பாத குழந்தையை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அடுத்து என்ன என்பதை மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

என் மகளும் எட்டாம் மாதத்தில் இப்படிப் போய், எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரும்பியவள்தான். மறுபடியும் அசைவு குறைந்தபோது, என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டாள். இரண்டாவது முறை வருகிறவர்களை நாங்கள் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம் என்று பணியில் இருந்த மருத்துவரே சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. இன்று நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாலும், அடுத்த வாரம் மீண்டும் குறைந்தால் மீண்டும் போங்கள். அதுவரை தூங்கப் போகும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்தே படுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் சொல்லப்படுவது இது.

ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் துடிப்பை அங்கே பார்க்கலாம், ஆனால் என்.எஸ்.டி.யும் ஸ்கேனும் இரவிலும் கிடைக்கும் இடம் உங்களுக்கு வேண்டும். சீமாங் மையம் (தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் மையம்) உள்ள அரசு மருத்துவமனை எது அருகில் என்று உங்கள் ஊர்ச் செவிலியரிடமோ 104 எண்ணிலோ கேளுங்கள். மதுரைக்குள் இருப்பவர்களுக்கு அரசு இராசாசி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது. தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த எண்), ஸ்கேன் அறிக்கைகள், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். புறநோயாளிகள் வரிசையில் நின்றுவிடாமல் நேராகப் பிரசவப் பகுதிக்குப் போய், “35 வாரம், நேற்றிலிருந்து குழந்தையின் அசைவு குறைந்திருக்கிறது” என்று முதல் வார்த்தையாகவே சொல்லுங்கள்.