ஃபியூயல் செல் ஏன் மெதுவாக ஏறுகிறது?

கேள்வி: ஒசாகாவில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டில் எனெஃபார்ம் இருக்கிறது, அதாவது குழாய் கேஸிலிருந்து கரன்ட்டும் வெந்நீரும் தயாரிக்கும் ஃபியூயல் செல் மெஷின். ரைஸ் குக்கரைப் போட்டால் சுவரில் உள்ள பேனலில் உற்பத்தி உடனே ஏறுவதில்லை, மெதுவாகத்தான் ஏறுகிறது, அதுவரை வெளிக் கரன்ட்தான் ஓடுகிறது. மெஷினில் கோளாறா? கரன்ட் போனால் இது கைகொடுக்குமா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. அதை அப்படி மெதுவாக ஏற்றுவதுதான் உள்ளே இருக்கும் கன்ட்ரோலரின் முக்கியமான வேலையே.

2009-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்த மெஷினுக்கு யாரும் ஹைட்ரஜன் கொண்டுவந்து நிரப்புவதில்லை. குழாயில் வரும் கேஸையும் நீராவியையும் நல்ல சூட்டில் வினையூக்கி வழியாக அனுப்பி அதுவே தயாரித்துக்கொள்கிறது. இதில் பாலிமர் சவ்வு, பீங்கான் என்று இரண்டு வகை உண்டு. பாலிமர் சவ்வு வகையாக இருந்தால் கூடவே வரும் கார்பன் மோனாக்சைடையும் பத்து லட்சத்தில் 10 பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் செல்லில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினம் செயலிழந்துவிடும். இவ்வளவும் முடிந்து, ஹைட்ரஜனையும் காற்றையும் வைத்துக் கரன்ட் உண்டாக்கும் செல்லுக்கு ஹைட்ரஜன் வந்துசேர நேரம் பிடிக்கும். செல்லின் கரன்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டரோ கண் இமைக்கும் நேரத்தில் கரன்ட்டை உறிஞ்சிவிடும்.

உறிஞ்ச விட்டால் என்ன? செல்கள் வரிசையாகக் கோத்தவை, எல்லாவற்றிலும் ஒரே கரன்ட் ஓடியாக வேண்டும். ஒரு செல்லுக்கு ஹைட்ரஜன் பற்றவில்லை என்றால் மற்றவை அதன் வழியாகவும் கரன்ட்டைத் தள்ளும், அதன் வோல்டேஜ் தலைகீழாகும், கடைசியில் மின்முனையில் இருக்கும் கார்பனே அரித்துப் போகும். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. செல்லில் செலவானது போக மிஞ்சும் ஹைட்ரஜனை பர்னரில் எரித்துத்தான் கேஸை ஹைட்ரஜனாக்கும் பகுதியான ரிஃபார்மரைச் சூடாக வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு கரன்ட் எடுத்தால் மிச்சம் குறையும், பர்னர் அடங்கும், ரிஃபார்மர் ஆறும், அதாவது ஹைட்ரஜன் அதிகமாகத் தேவைப்படுகிற அதே நேரத்தில் உற்பத்தி படுத்துவிடும். அதனால் ஏற்றும்போது கேஸ், தண்ணீர், காற்று முதலில், கரன்ட் அப்புறம். இறக்கும்போது நேர் எதிர்: முதலில் கரன்ட்டைக் குறைத்துவிட்டுத்தான் கேஸைக் குறைக்கும். இந்த வரிசை பிசகாமல் இருப்பதால்தான் மெஷின் வருடக்கணக்கில் ஓடுகிறது.

சரி, குக்கர் சட்டென்று நின்றால்? பல மாடல்கள் மிஞ்சும் கரன்ட்டை வெளி லைனுக்கு அனுப்பாமல் வெந்நீர்த் தொட்டி ஹீட்டருக்குத் திருப்பிவிடும். எப்படியும் 700 வாட் அளவில்தான் இதன் உச்சம் என்பதால் பெரிய குக்கரை இது தனியாகத் தாங்காது, மீதிக்கு வெளிக் கரன்ட் வேண்டும். உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு கரன்ட், எவ்வளவு வெந்நீர் செலவாகிறது என்பதையும் கவனித்து வைத்துக்கொண்டு, பாலிமர் வகை அதற்கேற்ப ஓடும், நிற்கும். 700 டிகிரி சூட்டில் ஓடும் பீங்கான் வகையை அடிக்கடி அணைத்துப் போட முடியாது, அது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கரன்ட் போனால் கதை வேறு. செத்த லைனுக்குள் மின்சாரம் போனால் பழுது பார்ப்பவரின் உயிருக்கே ஆபத்து, ஆகவே இன்வெர்ட்டர் உடனே லைனைத் துண்டித்தாக வேண்டும். அதற்குப் பிறகு தானே 100 வோல்ட் உண்டாக்கி ஓடும் வசதி எல்லா மாடல்களிலும் கிடையாது. அந்த வசதி இருந்தாலும் கரன்ட் போகும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் நின்றுபோனதைக் கிளப்ப பம்புக்கும் ப்ளோயருக்குமே கரன்ட் தேவை. கேஸும் தடைபடாமல் வர வேண்டும். இந்த வசதி உங்கள் மாடலில் இருக்கிறதா, எந்த பிளக்கில் கரன்ட் வரும் என்று வீட்டுக்காரரிடமோ கேஸ் கம்பெனியிடமோ இப்போதே கேட்டுவிடுங்கள். புயல் காலத்தில் முதலில் சார்ஜில் போட வேண்டியது போனும் டார்ச்சும்தான், குக்கரைப் போடாதீர்கள்.