கையெழுத்து மட்டும் போடும் குழு

கேள்வி: ஐயா, நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடக்குறிப்பு முதல் செயல்திட்டம் வரை எல்லாவற்றையும் ஐவர் குழுவாகச் செய்யச் சொல்கிறார்கள். ஒருத்தி எழுதுகிறாள், மற்ற நால்வரும் கையெழுத்திடுகிறோம். நாளை வகுப்பறையில் தனியாக நிற்கப்போகும் எங்களுக்கு இந்தக் கூட்டுக் கற்றலால் என்ன பயன்?
– பயிற்சி ஆசிரியை, திருச்சி

பதில்: நீங்கள் விவரிப்பது கூட்டுக் கற்றல் அன்று, ஒருத்தியின் உழைப்பில் ஐவர் மதிப்பெண் பெறும் ஏற்பாடு. ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலையை ஐவரிடம் கொடுத்தால் ஒருவர்தான் முடிப்பார். பழுது உங்களிடம் இல்லை, பணியை வகுத்த விதத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இனப் பிரிவினை நீங்கிய பள்ளிகளில் பிள்ளைகள் பகைத்துக்கொண்டிருந்தபோது, 1971இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் 'ஜிக்சா' முறையை வகுத்தார். அதில் பாடத்தைக் கூறுகளாக்கிக் குழுவில் ஆளுக்கொன்று தருவார்கள். ஒரே கூறு பெற்றவர்கள் தனியே கூடி அதைத் தெளிந்து, பின் தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்பிப்பார்கள். தேர்வு மட்டும் தனித்தனியே நடக்கும் என்பதால், மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்காமல் எவரும் தப்ப முடியாது.

பயிற்சி ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது ஜப்பானியப் பள்ளிகளின் பாட ஆய்வு என்பேன். பல ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு கூடிப் பேசும்போது விவாதத்துக்கு வருவது அந்தப் பாடமே தவிர, நடத்தியவரின் திறமை அன்று. தோழிகளையே மாணவராக அமர்த்திச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் நம் நுண்ணிலைக் கற்பித்தலிலோ, மாணவராக நடிக்கும் தோழிக்கு விடை முன்பே தெரியும். ஆகவே "குரல் போதவில்லை, கரும்பலகையை மறைத்தீர்கள்" என்பதோடு விமர்சனம் முடிந்துவிடுகிறது.

மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிது என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். மூன்றைவிட நான்கு பெரிது அல்லவா? இத்தகைய பிழைகளைப் பாடக்குறிப்பு எழுதும் முன்பே ஊகிப்பதுதான் ஒருவரால் முடியாத வேலை. ஐவரும் தனித்தனியே இரண்டு பிழைகளை எழுதி வாருங்கள். அவற்றை ஒப்பிட்ட பிறகே குறிப்பைத் தொடங்குங்கள். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருப்பீர்கள். அதே பள்ளிக்கு வரும் தோழி பாடம் நடத்தும்போது, தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றுக் கடைசி வரிசையில் அமர்ந்து, அவளைப் பார்க்காமல் மூன்று பிள்ளைகளின் நோட்டுகளை மட்டும் பாருங்கள். ஊகித்த பிழைகளில் எத்தனை அங்கே இருக்கின்றன என்று அன்று மாலையே இருவரும் கணக்கெடுங்கள்.