தேடினால் தளம் வரவில்லை: பத்தமடை வாசகியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: பத்தமடையில் பாய் நெய்யும் குடும்பம் எங்களுடையது. மணமக்கள் பெயர் போட்ட கல்யாணப் பாய்தான் முக்கிய வியாபாரம். கடைக்காரர்களையே நம்பியிருக்க வேண்டாம் என்று 4 மாதத்துக்கு முன் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு வலைத்தளம் தொடங்கினோம். கூகுளில் ‘பாய்’ என்று தேடினாலும் வரவில்லை, எங்கள் கடைப் பெயரைப் போட்டாலும் வரவில்லை. 15,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கங்களில் சொல்லியிருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினாலும் விளம்பரம் தெரியுமே தவிர, அதனால் இயல்பான தேடல் முடிவுகளில் உங்கள் இடம் உயராது.

உங்கள் கேள்விக்குள் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. ‘பாய்’ என்று தேடினால் வராதது இயல்பு. அந்தச் சொல்லுக்குப் பெரிய விற்பனைத் தளங்களோடு போட்டி போட வேண்டும், அது இப்போதைக்கு வேண்டாத வேலை. கடைப் பெயரைப் போட்டும் வரவில்லை என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். போட்டியே இல்லாத சொல்லுக்கும் தளம் வரவில்லை என்றால், பெரும்பாலும் கூகுளின் பட்டியலிலேயே அது இன்னும் ஏறவில்லை என்று பொருள்.

அதைச் சோதிப்பது எளிது. கூகுள் தேடல் பெட்டியில் சைட் (site) என்ற ஆங்கிலச் சொல், ஒரு முக்காற்புள்ளி (:), இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரி, இந்த வரிசையில் தட்டச்சு செய்யுங்கள். உங்கள் பக்கங்கள் வந்தால் பட்டியலில் இருக்கிறீர்கள். ஒன்றுமே வராவிட்டால் வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைத் தவிர்க்கட்டும் என்று சொல்லும் ஒரு கட்டம் அங்கே இருக்கும். தளம் கட்டி முடியும்வரை வெளியே தெரிய வேண்டாமே என்று அதை டிக் செய்துவிட்டு, முடிந்த பிறகு எடுக்க மறந்துவிடுவது மிகவும் சகஜம். அந்த ஒரு டிக் இருந்தால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. அது இல்லையென்றால், தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தளம் முழுவதற்கும் தடை போட்டிருக்கிறதா என்று தளத்தைச் செய்து கொடுத்தவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல். தேடலில் உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்று தளக்காரருக்குக் காட்டும் கூகுளின் கருவி இது, இலவசம்தான். உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கிலேயே தொடங்குங்கள், செய்து கொடுத்தவரின் கணக்கில் வேண்டாம். தளத்தின் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் இதோடு கேட்டுவிடுங்கள். அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். நாளைக்கு அவரோடு மனத்தாங்கல் வந்தால் உங்கள் முகவரியே உங்கள் கையில் இருக்காது. சர்ச் கன்சோலில் சைட்மேப், அதாவது தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பின் முகவரியைக் கொடுங்கள். முக்கியமான பக்கங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கோரிக்கை வையுங்கள். ஒரு பக்கத்தைக் கூகுள் ஏன் சேர்க்கவில்லை என்ற காரணத்தையும் அதுவே காட்டும். பிங் தேடுபொறிக்கும் இதேபோல ஒரு கருவி உண்டு. சர்ச் கன்சோலில் இருப்பதை அப்படியே அங்கே இறக்கிக்கொள்ளலாம்.

இனி பக்கத்தில் உள்ள எழுத்துகள். தமிழ்த் தளங்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. உங்கள் தளத்தில் ஒரு தமிழ் வரியை விரலால் அழுத்திப் பிடித்து, நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் தமிழாகவே வந்தால் சரி. ஆங்கில எழுத்துகள் குப்பையாக வந்தால், அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நோட்டீஸ் வாசகத்தை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் கண்ணுக்கு அது தமிழ், கூகுளுக்கு அர்த்தமில்லாத ரோமன் எழுத்து. எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். விலைப்பட்டியல், முகவரி, பாய் வகைகள் எல்லாம் போஸ்டர் படமாகவே இருக்கும் தளம் அழகாகத் தெரியலாம், ஆனால் கூகுள் அதைப் பக்கத்தின் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. படம் இருக்கட்டும், அதில் உள்ளதைக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனித் தலைப்பு வேண்டும். தேடல் முடிவில் நீல நிறத்தில் பெரும்பாலும் தெரிவது அந்தத் தலைப்புதான். எல்லாப் பக்கமும் ‘முகப்பு’ என்று இருந்தால் யாருக்கும் பயனில்லை. ‘பெயர் நெய்த கல்யாணப் பாய், பத்தமடை’ என்று சொல்ல வந்ததை நேராகச் சொல்லுங்கள். கீவேர்ட்ஸ் என்று ஒரு பெட்டியில் ஐம்பது சொற்களை அடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

இதுவரை சொன்னது தடையை நீக்கும் வேலை. ஆட்களை உங்கள் தளத்துக்குக் கூட்டிவரப்போவது நீங்கள் எழுதப்போவதுதான், என் அக்கறையெல்லாம் அதில்தான். வாட்ஸ்அப்பில் உங்களிடம் கேட்கிறார்களே, அந்தக் கேள்விகளை எடுங்கள். கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? பெயரைத் தமிழ் எழுத்தில் நெய்ய முடியுமா, எத்தனை எழுத்து வரை? சாதாரணக் கோரைப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் என்ன வித்தியாசம், விலை ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறது? மடித்து வைக்கலாமா, சுருட்டித்தான் வைக்க வேண்டுமா? ஈரம் பட்டால் என்ன செய்வது? சிங்கப்பூருக்கு அனுப்புவீர்களா? முக்கியமான கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள், வாடிக்கையாளரிடம் போனில் விளக்குவதுபோல. விலையை மறைக்காதீர்கள், ‘தொடக்க விலை இவ்வளவு’ என்றாவது போடுங்கள். ‘பாய்’ என்று தேடுகிறவர் எதைத் தேடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. ‘மணமக்கள் பெயர் போட்ட பாய் விலை’ என்று தேடுகிறவர் வாங்கவே வருகிறார். அந்தத் தேடலில் உங்களோடு போட்டி போட மிகச் சிலரே இருப்பார்கள்.

கோரையை ஊறவைப்பதையும், நுணுக்கமாகக் கிழிப்பதையும், தறியில் பெயரின் எழுத்து உருவாவதையும் உங்கள் வீட்டில் எடுத்த படங்களோடு எழுதினால், அதை வேறு எந்தத் தளமும் தர முடியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சொல்லி நூறு கட்டுரைகளைத் தயாரித்து நிரப்பச் சொல்பவர்களும் வருவார்கள். தேடலில் இடம் பிடிப்பதற்காக மட்டுமே பெருமளவில் உற்பத்தி செய்யும் பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச் முதல் வெளிப்படையாகவே விதிமீறல் என்கிறது. உங்கள் கைப்பட எழுதிய பத்துப் பக்கம் போதும்.

வெளிநாட்டுத் தமிழர்களும் பிறரும் ஆங்கிலத்தில் தேடுவார்கள். அவர்களுக்குத் தனி ஆங்கிலப் பக்கம் வையுங்கள், ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். பத்தமடை என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். இயல்பாக வரும் இடங்களில் அவற்றையும் எழுதிவிடுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பாய் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

படங்களின் அளவையும் பாருங்கள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும், கிராமத்து சிக்னலில் பக்கம் திறக்கவே திறக்காது. பக்கத்தைத் திறந்ததும் திரையில் வரும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கருவியில் இலவசமாகச் சோதிக்கலாம். கூகுள் மதிப்பிடுவது தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான், அதனால் எல்லாவற்றையும் போனிலேயே திறந்து பாருங்கள்.

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் தொடங்கி, நெய்யும் இடத்தை வரைபடத்தில் சேருங்கள். திருநெல்வேலி வரும் ஆட்கள் அருகில் எங்கே பாய் கிடைக்கும் என்று தேடும்போது, தளத்தைவிட இதுதான் முதலில் கண்ணில் படும். வாங்கியவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லலாம், காசு கொடுத்து எழுத வைக்கக் கூடாது.

அப்புறம் இணைப்புகள். பிற தளங்கள் உங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுப்பதை ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்ளும் எண்ணத்தில்தான் 1998-ல் கூகுளே பிறந்தது. அதனால்தான் ‘500 இணைப்பு போட்டுத் தருகிறேன்’ என்ற வியாபாரமும் பிறந்தது. 15,000 ரூபாய் கேட்பவர் செய்யப்போவதும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். 2012-ல் தன் தேடல் முறையில் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றத்திலிருந்து இப்படி வாங்கிய இணைப்புகளைக் கூகுள் ஒடுக்கிவருகிறது. ஒன்று, அவை கணக்கில் வராது. இல்லையென்றால் தளத்துக்கே தண்டனை வரும். உங்களிடம் வாங்கி விற்கும் கடைகள், நீங்கள் கலந்துகொண்ட கைவினைக் கண்காட்சிகள், உங்களைப் பற்றி எழுதிய பத்திரிகை, இவர்களின் தளங்களில் உங்கள் பெயர் இருந்தால் இணைப்பும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இப்படி ஐந்தாறு கிடைத்தாலே நல்ல தொடக்கம்.

தடைகளை நீக்கிய பிறகு கடைப் பெயருக்குத் தளம் தெரிய சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். மற்ற தேடல்களில் பலன் தெரிய 4 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகும் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். ‘பாய் சுத்தம் செய்வது எப்படி’ என்ற தேடலில் பலமுறை தெரிந்தும் யாரும் உள்ளே வரவில்லை என்றால், அந்தப் பக்கத்தின் தலைப்பையும் முதல் பத்தியையும் திருத்துங்கள். நீங்கள் எழுதாத ஒரு கேள்வி அங்கே தலைகாட்டினால், அடுத்து எழுத வேண்டிய பக்கம் அதுதான்.