கேரவன் பேட்டரிக்கு கட்-ஆஃப் சுவிட்ச்: பாசிட்டிவிலா, நெகட்டிவிலா?

சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கும் பழைய கேரவன், பத்து நாளில் பேட்டரி இறங்கிவிடுகிறது, நெகட்டிவ் முனையில் பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று போட்டால் போதும் என்று பட்டறையில் சொல்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. பாசிட்டிவில் போடுங்கள். காரணம் தெரியாவிட்டால் அடுத்த பட்டறைக்காரர் பேச்சில் மனசு மாறிவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சுவிட்ச் வாங்கும் முன் மின் கசிவை அளந்து பாருங்கள். மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் டிசியில் வைத்து, சிவப்பு ஒயரை அதற்குரிய துளைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரைக் கோர்க்க வேண்டும். அந்த நேரத்தில் பம்ப்பையோ இன்வெர்ட்டரையோ போட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடக்கூடும். எல்லாம் அணைந்திருந்தும் 0.2 ஆம்பியர் காட்டினால் நாளுக்கு 4.8 ஆம்பியர்-மணி கரைகிறது. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் பத்தே நாளில் முடிந்தது கதை. கேஸ் கசிவு அலாரம், ரேடியோவின் நினைவகம், வோல்ட் காட்டும் யுஎஸ்பி சாக்கெட், தயார் நிலையில் கிடக்கும் இன்வெர்ட்டர் எல்லாம் ஓசையில்லாமல் குடிப்பவை. இதைப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கினால் அதுவும் அதே வழியில்தான் போகும். காலியாகவே கிடக்கும் ஈய பேட்டரியின் தகட்டில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிட்டால், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

இனி பாசிட்டிவா நெகட்டிவா என்பது. லாரிகளில் நெகட்டிவில்தானே போடுகிறார்கள் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். போடுகிறார்கள், தவறில்லை. கேரவன் விஷயம் வேறு. மின் பிரேக் உள்ள கேரவனில் பிரேக்அவே சுவிட்ச் ஒன்று இருக்கும்: ஓடும்போது கொக்கி கழன்றால் ஒரு பின் உருவப்பட்டு, கேரவனின் பேட்டரியே பிரேக்கைப் பிடிக்கும். அந்த மின்சாரம் கேரவனின் இரும்புச் சட்டகம் வழியாகத்தான் நெகட்டிவுக்குத் திரும்புகிறது. நெகட்டிவில் சுவிட்ச் போட்டு, அதை ஆன் பண்ண மறந்து வண்டியை இழுத்தால், பின் உருவினாலும் பிரேக் பிடிக்காது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி இறங்கும் சாலையில் அந்த மறதி உயிரோடு விளையாடும். பாசிட்டிவில் போட்டால் பிரேக்அவே ஒயரைத் தனி ஃபியூஸோடு சுவிட்சுக்கு முன்னாலேயே பேட்டரியில் சேர்த்துவிடலாம், எப்போதும் உயிரோடு இருக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த கேரவன் என்றால் பிரேக் பெரும்பாலும் முழுக்க இயந்திர வகையாக இருக்கும், இந்தக் கவலை இல்லை. உங்களுடையது எது என்று சக்கரத்தின் பின்னால் குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு பிரேக்குக்கும் இரண்டு ஒயர் போனால் மின் பிரேக்.

சோலார் பலகையின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் ஒயரும் சுவிட்சுக்கு முன்னால்தான், அதற்கும் தனி ஃபியூஸ். பலகையில் வெயில் படும்போது பேட்டரியை மட்டும் பிரித்தால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும். கொட்டகைத் தகரத்துக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு சோலாரால் பயனில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மற்றதெல்லாம், இன்வெர்ட்டர் உட்பட, சுவிட்சுக்குப் பின்னால். பேட்டரி முனையில் நேரடியாகக் கடித்துக்கொண்டிருக்கும் ஒயர் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சுவிட்ச் இருந்தும் பேட்டரி வடியும்.

சாமான்: விளக்கு, விசிறி, தண்ணீர் பம்ப் மட்டும் என்றால் 16 சதுர மில்லிமீட்டர் கேபிள், 60 ஆம்பியர் ஃபியூஸ். 1000 வாட் இன்வெர்ட்டர் இருந்தால் அது முழு பாரத்தில் கிட்டத்தட்ட 100 ஆம்பியர் இழுக்கும், 35 சதுர மில்லிமீட்டரும் 150 ஆம்பியர் ஃபியூஸும் வேண்டும். சுவிட்சில் இடைவிடாத ஆம்பியர் அளவு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். சில நொடி தாங்கும் அளவை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். படகுக்குச் செய்த சுழல் சுவிட்ச் நல்லது. சிவப்புச் சாவி போட்ட மலிவு வகை, இன்வெர்ட்டர் பாரத்தில் சூடேறி இளகும்.

கேபிள் விஷயத்தில் நம்மூர்க் கடைகள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம். தோட்டத்துப் பட்டணம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு விலைக்கே தள்ளிவிடுகிறார்கள். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். சிவப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுங்கள். வெள்ளைக்கு அடியில் சிவப்பு தெரிந்தால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. கேட்க வெட்கப்படாதீர்கள், கொடுப்பது உங்கள் காசு.

வேலையின்போது கார் இணைப்பு, 240 வோல்ட் பிளக் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். சோலார் இருந்தால் முதலில் பலகையின் ஒயரைப் பிரித்துவிட்டுத்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டும். பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அது கடைசி. வரிசை மாறினால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சட்டகத்தைத் தொட்டுப் பொறி பறக்கும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ், பிறகு சுவிட்ச், அங்கிருந்து பழைய கேபிள்கள். கேபிள் நுனியில் போடும் உலோக வளையமான லக்கைச் சுத்தியலால் தட்டி ஒட்டவைக்காதீர்கள், ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ள இடத்தில் அழுத்தி வாங்கி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். லக்குகள் நேராகச் சுவிட்சின் செம்புமேல் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே. வாஷரை நடுவில் வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு, அந்த இடம்தான் கருகும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் அதன் பெட்டிக்குள் சுவிட்ச் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், சுவிட்ச் பொறி விடும். வெளியே, மழை படாத இடத்தில் வையுங்கள்.

முடித்ததும் 20 ஆம்பியர் போல ஓடவிட்டு, சுவிட்சின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் வோல்ட் பாருங்கள். 0.05க்குக் கீழே இருக்க வேண்டும். 0.1ஐத் தாண்டினால் ஏதோ ஒரு முனை தளர்வு. மின் பிரேக் உள்ளவர்கள் சுவிட்சை ஆஃபில் வைத்து பிரேக்அவே பின்னை உருவி, சக்கரம் பிடிக்கிறதா என்று பார்த்து, சில நொடியில் திரும்பச் சொருகிவிடுங்கள்.

சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது வீட்டு மின்சாரத்தில் சொருகினாலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. நம் வெக்கையில் ஈய பேட்டரி சும்மா இருந்தாலே இறங்கும். மாதம் ஒருமுறை வோல்ட் பார்த்து, 12.4க்குக் கீழே வந்திருந்தால் சுவிட்சை ஆன் பண்ணி ஒரு ராத்திரி சார்ஜ் போடுங்கள்.