மகனை மதிப்பீடு செய்ய மாட்டோம் என்று கவுன்சில் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் பெற்றோர் அடுத்து என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஐந்து வயது மகன் இன்னும் இரண்டு சொல் சேர்த்துக் கதைப்பதில்லை. பாடசாலையில் "வீட்டில் தமிழ் கதைப்பதால்தான், போகப்போகச் சரிவரும்" என்கிறார்கள். பிள்ளைக்கு என்ன விசேட உதவி தர வேண்டும் என்று கவுன்சில் எழுதித் தரும் ஈ.எச்.சி.பி. (EHCP) திட்டத்துக்கு நீங்களே விண்ணப்பித்தும், மதிப்பீடே தேவையில்லை என்று கவுன்சில் கடிதம் போட்டுவிட்டது.

இதே கடிதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு மூன்று கிழமை அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள், தங்கச்சி. கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நீங்கள் அசைய வேண்டும்.

முதலில் அந்தத் தமிழ்க் கதையை முடித்துவிடுவோம். 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்கிறது. நியாயமான சட்டம்தான். ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்து, வீட்டில் தமிழ் இருக்கிறது, ஆகவே குறைபாடு இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் மகனுக்குத் தமிழிலும் சொற்கள் வரவில்லை என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். பாடசாலைக்கு இது தெரிய வழியில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, மதிப்பீட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் மிகவும் தாழ்வானது. பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை 'இருக்கலாம்', அதற்குத் திட்டம் 'தேவைப்படலாம்'. அவ்வளவுதான். பாடசாலை முதலில் 6,000 பவுண் செலவழித்துக் காட்ட வேண்டும் என்று கவுன்சில் எழுதியிருந்தால் பயப்படாதீர்கள், அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் இல்லை.

மறுப்புக் கடிதத்தில் மத்தியஸ்த ஆலோசகரின் தொலைபேசி இலக்கம் இருக்கும். அழைத்து, மத்தியஸ்தம் வேண்டாம், மேல்முறையீட்டுக்கான சான்றிதழ் மட்டும் போதும் என்றால் அவர் அதை மூன்று வேலை நாளில் உங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சான்றிதழோடு, விசேட கல்வித் தேவை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். தீர்ப்பு வரை போகும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் பக்கமே முடிகின்றன. 'இப்சியா' என்ற தொண்டு நிறுவனமும், ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் உள்ள 'செண்டியாஸ்' சேவையும் இலவசமாக உதவும்.

ஆதாரத்துக்கு இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். "சரியாகக் கதைக்கிறான் இல்லை" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. என் கொப்பியில் இப்படி இருந்தது: "செவ்வாய், காலை 7.40. தண்ணி கேட்கத் தெரியாமல் என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்தான். எனக்கு விளங்க முதல் நிலத்தில் விழுந்து தலையை மோதினான்." இப்படி ஆறு கிழமைக்கான குறிப்புகளை மேல்முறையீட்டோடு இணைத்தேன். விசாரணைக்கு முன்னமே கவுன்சில் இறங்கி வந்தது.

மதிப்பீடு முடிந்து வரைவுத் திட்டம் வந்தால், கருத்துச் சொல்ல குறைந்தது 15 நாள் தர வேண்டும். அதில் எஃப் பிரிவை எழுத்தெண்ணி வாசியுங்கள், பிள்ளைக்கு என்ன உதவி என்று சொல்லும் இடம் அதுதான். எங்களுக்கு வந்த வரைவில் "தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சி பெற வாய்ப்பளிக்கப்படும்" என்று இருந்தது. அப்படியே கையெழுத்தாகியிருந்தால் வருடத்தில் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தாலும் சரி என்றாகியிருக்கும். "வாரம் ஒரு முறை, 45 நிமிடம், பேச்சு சிகிச்சையாளர் நேரடியாக" என்று மாற்றும்வரை நாங்கள் விடவில்லை.

கடிதத்தின் தேதியைக் கீழே எழுதுங்கள் தங்கச்சி. இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.